கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் கிறிஸ்மஸ்: எதை விடலாம், எதை விட முடியாது?

களியக்காவிளைக்காரி
டிசம்பர் 6, இரவு 10.50

பிள்ளைகள் இரண்டும் தூங்கியாச்சு. அதனால்தான் எழுத முடிகிறது.

பெரியவனுக்கு நான்கு வயது. சின்னவளுக்குப் பத்து மாதம், தவழ்ந்து போய் கைக்குச் சிக்கியதை எல்லாம் வாயில் வைக்கும் பருவம். நான் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன வருஷம் வயிற்றுப்பிள்ளைக்காரி என்று எல்லோரும் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்த வருஷம் அந்தச் சலுகை இல்லை.

நிலவரம் இதுதான். 20ஆம் தேதி வாக்கில் ஓய்வுநாள் பள்ளி நிகழ்ச்சி. பெரியவனுக்கு மேய்ப்பன் வேஷம். அவனோ ஆட்டுக்குட்டியாகத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறான். அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ். டிரம்மோடு எந்த நேரத்தில் வந்து நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிரும் சத்தத்தில் கைப்பிள்ளை எழுந்தால் பிறகு விடிய விடிய சிவராத்திரிதான். 25 அதிகாலை ஐந்து மணிக்கு ஆராதனை. அது முடிந்த கையோடு குழித்துறைப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். பெங்களூரில் இருந்து கொழுந்தன் குடும்பம், நெய்யாற்றின்கரையில் இருந்து நாத்தனார் குடும்பம், மாமனாரின் தங்கை வீட்டார் எல்லாம் கூடினால் இருபது பேருக்குக் குறையாது. மாமிக்கு முட்டுவலி, நிற்க முடியாது. ஆக அடுக்களையில் நிற்கப் போவது நானும் ஓரகத்தியும்தான். அவளும் ரயிலில் இருந்து இறங்கிய களைப்போடு வருவாள்.

பலகாரம் எதை வீட்டில் செய்வது, எதை வாங்குவது? இரண்டு பிள்ளைகளையும் ஐந்து மணி ஆராதனைக்கு எழுப்பிக் கொண்டு போகத்தான் வேண்டுமா? இருபது பேருக்குக் காலைச் சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "குழந்தையோடு அந்தத் தருணத்தை ரசியுங்கள்" மாதிரி உபதேசம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

தக்கலை பாட்டி
டிசம்பர் 7, காலை 5.35

மக்களே, எல்லாப் பலகாரமும் ஒரே ஜாதி இல்லை. அதை முதலில் பிரித்துப் பார்.

முந்திரிக்கொத்து பக்குவமாகச் செய்தால் இரண்டு வாரம் கெடாது. அதைப் போய் 24ஆம் தேதி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 13, 14 தேதியிலேயே முடித்து டின்னில் அடைத்துவிடு. சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துக் கரகரப்பாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் துளிகூட இல்லாமல் பொன்னிறமாக வறுத்துக்கொள். தேங்காயில் ஈரம் நின்றால்தான் சீக்கிரம் ஊசிப்போகும், மற்றபடி அது கெடுகிற பண்டமே இல்லை. எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, வெல்லமோ கருப்பட்டியோ பாகு காய்ச்சி ஊற்றிச் சூட்டோடு உருட்டணும். முதல் பாதியைப் பெரியவர்கள் உருட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உன் மகனை உட்கார வை. அவன் உருட்டுவது கோணல்மாணலாகத்தான் வரும். அரிசிமாவில் மஞ்சள் தட்டிக் கரைத்து, முக்கிப் பொரித்து எடுத்தால் கோணல் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

அச்சப்பம் வேறு கதை. மாவு அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, முட்டை அடித்து, கருஞ்சீரகமோ எள்ளோ போடுவதெல்லாம் அரைமணி நேர வேலை. சுடுவதுதான் வேலை. ஒரு ஆள் அச்சை மாவில் முக்கால்வாசி முக்கி எண்ணெயில் விட, இன்னொரு ஆள் குச்சியால் கழற்றித் திருப்பிப் போட்டு எடுக்கணும். அச்சு முழுக்க மாவில் மூழ்கினால் அப்பம் கழன்று வராது. தவழும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக அந்த எண்ணெய்ச் சட்டி பக்கம் நீ போகவே கூடாது.

எங்கள் காலத்தில் நாங்கள் ஒன்றும் பெரிய சாமர்த்தியசாலிகள் இல்லை. நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் அடுப்புக் கூட்டுவோம். இரண்டு பேர் சுட, ஒருத்தி மாவு பார்க்க, வயதுக்கு வந்த ஒரு பிள்ளை மற்றக் குழந்தைகளை எல்லாம் அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் மேய்ப்பாள். இன்றைக்கு உங்கள் தலைமுறை அதே பலகாரத்தை ஒருத்தியாக நின்று செய்துவிட்டு நடு ஒடிந்து போகிறது. பலகாரத்தைக் குறைக்காதே, ஆளைக் கூட்டு என்பதுதான் என் கட்சி.

ரெட்டைப்பிள்ளை அப்பா
டிசம்பர் 7, காலை 9.10

பாட்டி, ஆளைக் கூட்டச் சொல்வது சரி. ஆள் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டில் மகன் துபாயில், மருமகள் டூட்டியில். அதற்கடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் இருந்தே முந்திரிக்கொத்து, அச்சப்பம், முறுக்கு எல்லாம் சுட்டுக் கிலோக் கணக்கில் விற்கிற அக்காமார் இருக்கிறார்கள். பேக்கரிச் சரக்கை விட அது எவ்வளவோ மேல். நாங்கள் பிள்ளைகள் பிறந்ததில் இருந்து அப்படித்தான். ஒரே நிபந்தனை, டிசம்பர் பத்துக்குள் சொல்லி வைத்துவிட வேண்டும். 20க்கு மேல் போய்க் கேட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

பாறசாலை சேச்சி
டிசம்பர் 7, பிற்பகல் 2.20

காலைச் சாப்பாட்டுக்கு என் யோசனை. இருபது பேருக்கு ஆப்பம் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆப்பம் ஒவ்வொன்றாகச் சுட வேண்டியது. ஆளுக்கு நான்கு என்றாலே எண்பது. இரண்டு சட்டி வைத்தாலும் ஒருத்தி அடுப்பை விட்டு நகர முடியாது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கடைசியில் நிற்கிறவளுக்குக் கறியில் எலும்புதான் மிஞ்சும்.

வட்டயப்பம் செய்யுங்கள். அதே அரிசி, தேங்காய், ஈஸ்ட், கொஞ்சம் சீனி கூடுதல். தட்டில் ஊற்றி இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் அது பாட்டுக்கு வேகும். ஒரு தட்டை எட்டுத் துண்டாக வெட்டலாம். முதல் நாள் இரவே அவித்து வைத்தாலும் காலையில் மெத்தென்றுதான் இருக்கும். பல் முளைக்காத வாய்க்கும் ஒத்துக்கொள்ளும். எங்கள் கேரளப் பக்கம் கள்ளுக்கடை இருப்பதால் கள் ஊற்றிப் புளிக்க வைப்போம். நீங்கள் இருக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் 1987இல் இருந்து கள்ளுக்குத் தடை, ஈஸ்ட்தான் வழி. டிசம்பர் ராத்திரியில் மாவு மெதுவாகத்தான் பொங்கும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே கரைத்து வையுங்கள்.

இறைச்சியை 24 மாலையே வைத்துவிடுங்கள். மாட்டிறைச்சி உலர்த்தியது (மசாலாவோடு சுருள வறுத்தது) மறுநாள் இன்னும் ருசி. ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றுகிற ஸ்டூ என்றால் காலையில்தான். நான் கட்டி வந்த வீட்டில் இருபத்தைந்து நோன்பு பிடிப்பார்கள். டிசம்பர் 1 முதல் 24 ராத்திரிப் பூசை வரைக்கும் இறைச்சி வாயில் படக்கூடாது. ஆனால் இறைச்சி அடுப்பில் கொதிப்பது 24 மாலை! யார் உப்புப் பார்ப்பது? நோன்பு இல்லாத சின்னப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவோம். என் மகள் ஐந்து வயதில் கரண்டியை நக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து "இன்னும் கொஞ்சம் மிளகு" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த வருஷம் கறி தொண்டையைப் பிடித்தது, ஆனாலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நாத்தனார் நெய்யாற்றின்கரை என்கிறீர்களே, அவர்கள் வருவது சாயங்காலமாக இருந்தால் என்ன? 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம், நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் கிடக்கிறோம். கிறிஸ்மஸ் அன்றைக்குக் களியக்காவிளை சந்திப்பில் வண்டி நகராது என்பது உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் மாட்டாமல் நான்கு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், உங்களுக்கும் மதியக் கூட்டம் குறையும்.

குலசேகரம் நர்ஸ்
டிசம்பர் 7, இரவு 8.05

இருபது பேர், ஏழெட்டுக் குழந்தைகள், அதில் தவழும் பிள்ளை ஒன்று என்றதும் எனக்குச் சாப்பாட்டைப் பற்றி யோசனையே ஓடவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பொத்தான் பேட்டரி. மினுங்குகிற கிறிஸ்மஸ் தாத்தா தொப்பி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மெழுகுவர்த்தி மாதிரி எரியும் குட்டி விளக்கு, எல்லாவற்றிலும் அது இருக்கும். மலிவான சாமான்களில் மூடிக்குத் திருகாணிகூட இருக்காது, கீழே விழுந்தாலே திறந்துகொள்ளும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். சந்தேகம் வந்தாலே நேராக எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாழைப்பழம் கொடுத்து இறக்குவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. விழுங்கி அதிக நேரம் ஆகாமல் இருந்து, குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால் போகிற வழியில் இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், பேட்டரி அரிப்பதை அது கொஞ்சம் தாமதிக்கும். ஆனால் தேனுக்காக ஒரு நிமிஷம்கூட வீட்டில் நிற்கக் கூடாது.

தேன் என்றதும் இன்னொன்று. மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு நம் பக்கம் இல்லை. யாராவது ஒரு பெரியவர் "கொஞ்சம் நாக்கில் தடவினால் என்ன" என்று விரலோடு வருவார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், அந்த வயதுக் குடலுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. பச்சைப்பிள்ளைக்கு ஏதாவது இனிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர் கையில் ஒரு மட்டி வாழைப்பழத்தைக் கொடுத்து மசித்து ஊட்டச் சொல்லுங்கள். அவருக்கும் வேலை, பிள்ளைக்கும் வயிறு நிறையும்.

கேக்கில் முழு முந்திரி, பாதாம் இருந்தால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொடித்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்னும்போதுதான் புரையேறும். எண்ணெய்ச் சட்டி எப்போதும் பின் அடுப்பில், கைப்பிடி சுவர்ப் பக்கம். சவுக்குக் கிளையை வெட்டி மரம் வைக்கிறவர்கள் வாளியில் மண் போட்டு நட்டால் மட்டும் போதாது, ஜன்னல் கம்பியோடு ஒரு கயிறும் கட்டுங்கள். தவழும் பிள்ளை எதையாவது பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பார்க்கும்.

களியக்காவிளைக்காரி
டிசம்பர் 7, இரவு 11.15

நர்ஸ் அக்கா, எங்கள் வீட்டில் அந்த விரலோடு வருகிறவர் மாமனாரின் தங்கை! பெயர் வைக்கும் அன்றைக்கே ஒரு சண்டை நடந்தது. மட்டிப்பழ யோசனை அருமை. புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்று சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்.

வட்டயப்பம் உறுதி. மாமியிடம் இன்னும் பேசவில்லை. ஆராதனை விஷயத்தைத்தான் ஒருவரும் தொடவில்லை.

மேக்காமண்டபம்
டிசம்பர் 8, காலை 7.00

எழுப்பாதீர்கள். தூக்கம் கலைந்த நான்கு வயசுப் பிள்ளை பதினொரு மணிக்கு மேல் ஆடும் ஆட்டத்தை இருபது பேர் முன்னால் உங்களால் தாங்க முடியாது. ஒன்பது மணிக்கு இரண்டாவது ஆராதனை இருந்தால் அதற்குப் போங்கள்.

தக்கலை பாட்டி
டிசம்பர் 8, காலை 7.25

அதெப்படி? விடியுமுன் இருட்டில், வீட்டுக்கு வீடு நட்சத்திரம் எரிகிற தெருவில், அப்பா தோளில் கிடந்து கோவிலுக்குப் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆராதனையில் என்ன பிரசங்கம் பண்ணினார்கள் என்று எந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும்? அந்த வழி மட்டும்தான் நினைவிருக்கும். ஒன்பது மணி வெயிலில் போனால் அது சாதாரண ஞாயிற்றுக்கிழமை.

பெரியவனைத் தூக்கிக்கொண்டு போ. சின்னவளை விட்டுவிடு.

குளச்சல்காரன்
டிசம்பர் 8, காலை 11.40

எங்களுக்கு 24 ராத்திரித் திருப்பலி. கோவிலுக்குள் இடம் கிடைக்காது, வெளியே மணலில் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிடுவோம். குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கிற நேரம் மட்டும் எழுப்பிக் காட்டிவிட்டு மறுபடி படுக்க வைப்போம். யாரும் குறை சொல்வதில்லை. பங்குச்சாமியே பாய்களைத் தாண்டித் தாண்டித்தான் வருவார். அதனால் ஐந்து மணி ஆராதனை என்றால் தலையணையும் கையுமாகப் போங்கள் என்பேன்.

விருந்தாளிகள் பற்றி ஒன்று. நாங்கள் எல்லோரையும் 25ஆம் தேதியே வரச் சொல்லிவிடுவோம், 26க்கு யாரையும் வைத்துக்கொள்வதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாப்பிட்ட மிச்சம் வீட்டில் இருக்கும்போதே கடல் உள்ளே வந்தது. இன்றைக்கும் 26 காலையில் கல்லறைக்குப் பூவோடு போவோம். சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான். என் மகள் அந்த வயதில் ஒரு கல்லறையில் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு "இவங்களுக்கு நம்ம அச்சப்பம் கொடுத்தாச்சா?" என்று கேட்டாள். அவள் பாட்டி பையில் இருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டு வந்தார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த வருஷம் எங்கள் தெருவில் நட்சத்திரமே கட்டவில்லை. நட்சத்திரம் ஏன் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னோம்.

இதை வருத்தத்துக்காக எழுதவில்லை. 25 ராத்திரியோடு விருந்தை முடிக்கிற வழக்கம் எங்களுக்கு இப்படி வந்தது. கைப்பிள்ளைக்காரர்களுக்கும் அது நல்லது என்பதால் சொன்னேன். மறுநாள் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தாலே பாதிக் களைப்புப் போய்விடும்.

மூணாறு லயம்
டிசம்பர் 8, இரவு 9.30

எஸ்டேட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் எட்டு வீட்டுக்கும் கேட்கும், யாராவது தூக்கிவிடுவார்கள். கேரல் பாடுகிறவர்கள் தீ மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டுத்தான் அடுத்த லயத்துக்கு நகர்வார்கள். டிசம்பர் குளிரில் இங்கே மாவு பொங்குவதுதான் பெரும்பாடு. மாவுப் பானையை அடுப்பங்கரையில் கம்பளி போர்த்தி வைப்போம்.

ரெட்டைப்பிள்ளை அப்பா
டிசம்பர் 9, காலை 8.45

எல்லோரும் அந்தப் பிள்ளைக்கு நாள் குறித்துக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லையே. அவர் எழுதியதில் வீட்டில் கணவர், கொழுந்தன், நாத்தனார் கணவர், மாமனார் என்று நான்கு ஆண்கள் இருக்கிறார்கள். "அடுக்களையில் நிற்கப் போவது நானும் ஓரகத்தியும்" என்கிறார். அந்த நான்கு பேரும் எங்கே நிற்கப் போகிறார்கள்? முற்றத்தில் நாற்காலி போட்டு அரசியலா?

எங்கள் வீட்டில் ரெட்டைப்பிள்ளை பிறந்த வருஷம் வேறு வழியில்லாமல் மதியச் சமையல் என் தலையில் விழுந்தது. பிரியாணிக்கு ஒரு பெரிய வார்ப்புப் பாத்திரம் வாடகைக்கு எடுத்து, தம்பியும் நானும் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுப்புப் போட்டோம். அன்று முதல் அது ஆண்கள் டிபார்ட்மென்ட். ரகசியத்தைச் சொல்கிறேன்: ஆண்களை அடுக்களைக்குள் கூப்பிட்டால் வர மாட்டார்கள். வெளியே பெரிய அடுப்பு, பெரிய பாத்திரம், நீளக் கரண்டி என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள்.

தக்கலை பாட்டி
டிசம்பர் 9, காலை 9.05

சரியாகச் சொன்னாய் அப்பா. பாத்திரம் கழுவுவதற்கும் நீளக் கரண்டி மாதிரி ஏதாவது கண்டுபிடி.

அல்சூர் ஓரகத்தி
டிசம்பர் 9, பிற்பகல் 1.10

அக்கா, இது நீங்கள்தானே? ஆட்டுக்குட்டி வேஷம் என்று படித்ததுமே பிடித்துவிட்டேன். இந்தப் பெயரை உங்களுக்காக இப்போதுதான் வைத்தேன்.

எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது, கேளுங்கள். ரயில் டிக்கெட் இப்போதெல்லாம் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 23ஆம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸுக்காக அக்டோபர் 24 காலையில் எட்டு மணிக்கு நானும் அவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து பிடித்த டிக்கெட் இது. எதற்காக? அப்பார்ட்மென்ட்டில் என் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் என்றால் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மரம், ஒரு கேக், அவ்வளவுதான். கேரல் டிரம் சத்தமும், பாகு வாசமும், ஒரே பாயில் எட்டுப் பிள்ளைகள் உருண்டு கிடப்பதும் அவர்களுக்கு இங்கே கிடைக்காது. எல்லாவற்றையும் ஆர்டர் போட்டு வாங்கி வைத்துவிட்டால் நாங்கள் இங்கேயே இருந்துவிட்டுப் போகலாமே!

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கைப்பிள்ளையோடு நான் வந்த வருஷம் நீங்கள்தான் எல்லாம் செய்தீர்கள். ஆனால் வேலையைக் குறைக்க வேண்டாம், அதில் என் பங்கைக் கூட்டுங்கள். 24 மதியம் வந்து இறங்குகிறோம். குளித்துவிட்டு அச்சப்பம் என் பொறுப்பு, எடுத்துப் போட உங்கள் கொழுந்தன் நிற்பார். அவரிடம் சொல்லியாச்சு. கேக் நான் செய்துகொண்டு வருகிறேன். பழங்களை ரம்மில் இல்லை, ஆரஞ்சுச் சாற்றில்தான் ஊற வைத்திருக்கிறேன், பிள்ளைகளும் சாப்பிடலாம். முந்திரியையும் பொடித்தே போடுகிறேன், நர்ஸ் அக்காவுக்கு வணக்கம்.

பாறசாலை சேச்சி
டிசம்பர் 9, பிற்பகல் 3.30

ரம் இல்லாமல் கேக்கா என்று யாராவது முகம் சுளித்தால் தலச்சேரிக் கதையைச் சொல்லுங்கள். 1883இல் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக்கைச் சுட்டபோது, தோட்ட முதலாளியான வெள்ளைக்கார துரை சொன்ன பிராந்தியை விட்டுவிட்டு உள்ளூர்ச் சரக்கைத்தான் ஊற்றினார் என்பார்கள். அவரவர் ஊரில் கிடைப்பதை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மேக்காமண்டபம்
டிசம்பர் 9, மாலை 6.15

பெரியவர்கள் எல்லாம் அடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? சும்மா விட்டால் வீடு இரண்டாகும்.

குடில் வேலையை அவர்களிடம் விடுங்கள். 15ஆம் தேதி வாக்கில் ஒரு தட்டில் ஈரத் துணி விரித்து, ஊற வைத்த கேழ்வரகைத் தூவித் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்மஸுக்குள் விரல் உயரப் பச்சைப் புல் நிற்கும். நான்கு வயசுக்காரன் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க ஓடுவான். வைக்கோல், ஆற்று மணல், பழைய சாக்கு, அவ்வளவு போதும். கடையில் விற்கும் பஞ்சும் தெர்மோகோல் உருண்டையும் தவழும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. சுரூபங்களைக் கடைசியில் வையுங்கள், அதையும் பெஞ்சு உயரத்தில். எங்கள் வீட்டில் ஒரு ஞானியை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு ஞானிகளோடுதான் சில வருஷம் ஓட்டினோம்.

களியக்காவிளைக்காரி
டிசம்பர் 11, இரவு 10.30

அவளே வந்து மாட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை! அன்றைக்கே போனில் பேசினோம். அப்புறம் நேற்று மாமியிடமும் பேசியாச்சு.

முடிவானது இது. முந்திரிக்கொத்து இந்த ஞாயிறு மாமி வீட்டு முற்றத்தில். மாமி நாற்காலியில் இருந்து பாகு பதம் பார்ப்பார், அம்மாவும் வருகிறார், பெரியவன் உருட்டுவான். முறுக்கு மார்த்தாண்டத்து அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. பத்தாம் தேதி தாண்டியதற்கு ஒரு திட்டு வாங்கிக்கொண்டேன். அச்சப்பம் ஓரகத்தியும் கொழுந்தனும். 25 காலை வட்டயப்பமும் முதல் நாள் வைத்த இறைச்சியும். மதியம் பின்முற்றத்தில் பிரியாணி, வீட்டுக்காரரும் நாத்தனார் கணவரும். அதனால் நாத்தனார் குடும்பம் நான்கு மணிக்கு வருகிற திட்டம் நடக்காது, 24 இரவே வந்துவிடுகிறார்கள். கூட்டம் கூடியதே தவிர குறையவில்லை, ஆனால் கையும் கூடியிருக்கிறது.

ஐந்து மணி ஆராதனைக்குப் பெரியவனை அவன் அப்பா தூக்கிக்கொண்டு போவார், தலையணை உட்பட. நானும் சின்னவளும் ஒன்பது மணிக்கு. மாமி இதற்குக் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "அப்போ ஒன்பது மணிக்கு நானும் உன்கூட வாறேன், அந்த நேரத்தில் முட்டு மடங்காது" என்றார். இத்தனை வருஷமாக அவரும் அந்த இருட்டில் கஷ்டப்பட்டுத்தான் போய் வந்திருக்கிறார் போல, வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாத்திரம் கழுவுவது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

குலசேகரம் நர்ஸ்
டிசம்பர் 12, காலை 6.20

பிரியாணி அடுப்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டுங்கள். எட்டுப் பிள்ளைகள் ஓடும் முற்றம் அது. பெரியவர் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் இருக்க வேண்டும். நகர்ந்தால் இன்னொருவர் வந்து நின்ற பிறகுதான் போக வேண்டும்.

ரெட்டைப்பிள்ளை அப்பா
டிசம்பர் 12, இரவு 9.00

இதையெல்லாம் படித்துவிட்டு என் வீட்டுக்காரி இந்த வருஷம் நாமும் அச்சப்பம் சுடலாம் என்கிறாள். பாட்டி, அச்சு எங்கே வாங்குவது? புது அச்சில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

தக்கலை பாட்டி
டிசம்பர் 13, காலை 5.40

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். கனமானதாகப் பார்த்து எடு, சூட்டை நின்று பிடிக்கும். புது அச்சை இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் போட்டு வை. பிறகு கழுவித் துடைத்து, எண்ணெயில் முங்க வைத்து நன்றாகக் காயவிட்டு, அந்த எண்ணெயிலேயே ஒரு ராத்திரி கிடக்கட்டும். சுடும்போது ஒவ்வொரு தடவையும் அச்சு எண்ணெயில் காய்ந்த பிறகுதான் மாவில் படணும். மாவில் சீனி கூடினாலும் ஒட்டும், கருகவும் செய்யும். முதல் நாலைந்து உடைந்துதான் வரும். அதைச் சுடுகிறவர் தின்றுகொள்ளலாம், கணக்கில் சேராது.